சைலன்சரை மாத்தலைங்க, வால்வைத் திறந்து விட்டிருக்காங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க,

சீசன் ஆரம்பிச்சதுல இருந்து உங்க பேப்பர் வாசகர் கடிதத்துல மாத்தி மாத்தி ஒரே புகார்தான் வருது, வெளியூர்ல இருந்து வர்ற பெரிய கார்ங்க எல்லாம் சைலன்சரை மாத்திட்டு வந்து மலையில அலற விடுறாங்க, போலீஸ் புடிச்சு அந்த சைலன்சரைக் கழட்டி ரோடு ரோலர் ஏத்தணும்னு. கோவம் நியாயமான கோவம்தான், நானும் இதே ஊர்லதான் தூங்கணும். ஆனா ஒரு விஷயத்தை யாருமே எழுதலை, அதனாலதான் இந்த லெட்டர். நான் குன்னூர்ல கார் ஒர்க்ஷாப் வெச்சிருக்கேன், வண்டிக்கு அடியில படுத்துப் பாக்குறதுதான் பொழப்பு. இப்படி சத்தம் போடுற விலை ஒசந்த கார்ல நிறைய வண்டிக்கு சைலன்சரை யாரும் தொடவே இல்லைங்க. கம்பெனி சைலன்சர், கம்பெனி முத்திரை, கம்பெனி வெல்டிங், எல்லாம் அப்படியே இருக்கும். செக்போஸ்ட்ல நிறுத்திக் குனிஞ்சு பாத்தாலும் ஒண்ணும் தெரியாது, "ஒரிஜினல்தானே, போ"ன்னு விட்டுடுவாங்க. நடந்திருக்கிறது என்னன்னா, சைலன்சருக்குள்ள இருக்கிற ஒரு வால்வை நிரந்தரமா திறந்து விட்டிருக்காங்க, அவ்வளவுதான்.

போர்ஷே, ஜாகுவார் எஃப்-டைப், பிஎம்டபிள்யூ, மெர்சிடிஸ் ஏஎம்ஜி, இந்த மாதிரி வண்டிங்கள்ல பல மாடல்ல பின்னாடி சைலன்சர்ல புகை போறதுக்கு ரெண்டு வழி வெச்சிருப்பாங்க. ஒண்ணு அறை அறையா சுத்திப் போற நீள வழி, சத்தம் அதுலயே அடங்கிடும். இன்னொண்ணு நேர் வழி, அதோட வாயில வட்டமா ஒரு இரும்புத் தட்டு, நடுவுல ஒரு கம்பி, அந்தக் கம்பி திரும்புனா தட்டு திறக்கும் மூடும். பட்டர்ஃப்ளை வால்வுன்னு சொல்லுவோம். மெதுவா ஓட்டும்போது ஈசியு, அதாவது எஞ்சினைக் கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர், அதை மூடி வெச்சிருக்கும், ஆக்சிலரேட்டரை நல்லா மிதிச்சு ஆர்பிஎம் (எஞ்சின் சுத்துற வேகம்) ஏறுனா தானா திறந்து விடும், ஸ்போர்ட் பட்டனைத் தட்டுனா கொஞ்சம் முன்னாடியே திறக்கும். இது ஒண்ணும் புது சமாச்சாரம் இல்லை, 1990கள்லயே மிட்சுபிஷி 3000ஜிடி கார்ல சத்தமா சாதுவான்னு தேர்ந்தெடுக்க ஒரு சுவிட்சே இருந்துச்சு.

இதைத் திறந்தே வெக்கிறதுக்கு ஒரு வித்தையும் தேவையில்லை. பழைய டிசைன்ல அந்த தட்டை இழுத்து மூடுறது எஞ்சின்ல இருந்து வர்ற வேக்கம், அதாவது உறிஞ்சுற இழுப்பு, அது விரல் தண்டி கூட இல்லாத ஒரு ரப்பர் ஹோஸ் வழியா வரும். வேக்கம் இல்லைன்னா உள்ள இருக்கிற ஸ்ப்ரிங் தட்டைத் திறந்த நிலையிலயே வெச்சிருக்கும். ஏன் அப்படி வெச்சான்னா, ஹோஸ் கிழிஞ்சு போய் வால்வு மூடினபடியே மாட்டிக்கிட்டு ஒருத்தன் ஃபுல் ஆக்சிலரேட்டர்ல போனா புகை போக வழியில்லாம எஞ்சினுக்குக் கேடு, அதனால கெட்டுப் போனா திறந்து நிக்கட்டும்னு பாதுகாப்புக்கு வெச்ச ஏற்பாடு அது. அந்த ஏற்பாட்டைத்தான் நம்மாளுங்க சத்தத்துக்கு உபயோகிக்கிறாங்க, ஹோஸை உருவி வாயை அடைச்சு பிளாஸ்டிக் டேக் போட்டுக் கட்டி விட்டா முடிஞ்சது கதை. அமெரிக்காவுல கால்ஃப் பந்தை நிறுத்தி வெக்கிற குச்சியை சொருகி அடைப்பாங்களாம், ஊட்டியில கால்ஃப் மைதானம் இருந்தும் எனக்கு அப்படி ஒண்ணு இன்னும் கண்ணுல படலை, நான் பாத்ததுல ஸ்க்ரூ இருந்துச்சு, பேனா மூடி இருந்துச்சு, ஒரு வண்டியில எம்சீல் வெச்சு உருட்டி அடைச்சிருந்தாங்க. புது வண்டிங்கள்ல ஹோஸ் கிடையாது, சின்ன எலெக்ட்ரிக் மோட்டர்தான் தட்டைத் திருப்பும், அதோட பிளக்கை உருவி விடுவாங்க, சில வண்டியில ஃபியூஸைப் பிடுங்குவாங்க, உடனே செக் எஞ்சின் லைட் எரிஞ்சா அதை ஏமாத்த ஒரு சின்ன டப்பா விக்குது, ரிமோட்டோட கிட்டும் கிடைக்குது.

எங்கிட்ட வர்றவங்க கிட்ட ஏன்ங்க இப்படின்னு கேட்டா பதில் ரெடியா இருக்கும். பிக்கப் ஏறுமாம், எஞ்சின் ஃப்ரீயா மூச்சு விடுமாம். இதைத்தான் கொஞ்சம் விவரமா சொல்லணும்னு நெனைக்கிறேன், ஏன்னா இந்த ஒரு நம்பிக்கையிலதான் எல்லா சத்தமும் ஓடுது. எஞ்சினுக்கு நெஜமாவே பெரிய வழி வேணும்கிற நேரம் எது? ஃபுல்லா மிதிச்சு ஆர்பிஎம் மேல இருக்கிற நேரம். அந்த நேரத்துல கம்பெனிக்காரனே வால்வைத் திறந்து விட்டுடுறானே! நீங்க ஹோஸை உருவி புதுசா என்ன திறந்தீங்க? உருவுறதால வித்தியாசம் வர்றது அது மூடியிருக்க வேண்டிய நேரத்துல மட்டும்தான், அதாவது ஐடிலிங்ல, டிராஃபிக்ல ஊர்ந்து போறப்போ, செகண்ட் கியர்ல மெதுவா வளைவு ஏறுறப்போ. அப்ப எஞ்சின்ல இருந்து வர்ற புகையே கம்மி, நீள வழியே அதுக்கு தாராளம். ஆக பவர்ல கிடைச்சது கண்ணுக்குத் தெரியாத அளவு கூட இல்லை, சத்தத்துல கிடைச்சது மட்டும் முழுசு. இன்னும் கேட்டா மலை ஏறுனா காத்தே மெலிசு, கடல் மட்டத்துல இருந்து 2240 மீட்டர் மேல இருக்கிற ஊட்டியில டர்போ இல்லாத எஞ்சினுக்கு அஞ்சுல ஒரு பங்கு பவர் காத்து பத்தாமலே போயிடும், அதை பின்னாடி குழாயைத் திறந்து வெச்சு மீட்க முடியாது, உள்ள வர்ற பக்கம் இல்லாததை வெளிய போற பக்கம் எப்படிங்க சரி பண்றது.

பைக் பசங்க உடனே யமஹா எக்ஸப் வால்வைச் சொல்லுவாங்க, 1987லயே வந்தது, அதனால டார்க், அதாவது எஞ்சினோட இழுவை, மாறுமேன்னு. மாறும்தான், ஆனா அது எஞ்சின் கிட்டயே பைப்புங்க ஒண்ணு சேர்ற இடத்துல உக்காந்துக்கிட்டு புகையோட அழுத்த அலையையே மாத்துறதுக்காக வெச்சது, அதையும் எப்பவும் திறந்து விட்டா கீழ் ஆர்பிஎம்ல இழுவை குறையுமே தவிர கூடாது. கார்ல வண்டியோட வால்ல இருக்கிற இந்த தட்டு முக்கியமா சத்தத்துக்காக வெச்சது. பேர் ரெண்டும் வால்வுங்கிறதால ரெண்டும் ஒண்ணாயிடாது.

அடுத்தது, திறந்தே வெச்சாத்தான் துரு புடிச்சு இறுகாதுன்னு ஒரு வாதம். இதுல மட்டும் பாதி உண்மை இருக்கு. நம்ம ஊர் ஈரத்துக்கும் மழைக்கும் அந்தக் கம்பி துரு ஏறி மாட்டிக்கும், கரி படிஞ்சா தட்டு கடகடன்னு ஆடும், மோட்டர் போச்சுன்னா தனியா கிடைக்காம சைலன்சரோடயே வாங்குங்கன்னு விலை சொல்ற மாடலும் உண்டு, அப்ப ஒருத்தர் வேற வழியில்லாம திறந்த நிலையில கட்டிட்டு ஓட்டுனா நான் தப்பு சொல்ல மாட்டேன், மூடினபடி மாட்டிக்கிறதுக்கு அது எவ்வளவோ மேல். ஆனா நல்லா வேலை செய்யற வால்வுக்கு துரு வராம இருக்கணும்னா அது அப்பப்ப அசையணும். திறந்தே கட்டி வெச்சா அசையாது. அசையாத கம்பிதான் மொதல்ல துரு புடிக்கும், அப்புறம் ஆசைப்பட்டாலும் மூடாது. எங்கிட்ட "மறுபடி மூடுற மாதிரி பண்ணிக் குடுங்க"ன்னு வர்றவங்க எல்லாம் இந்தக் கேஸ்தான், வீட்ல குழந்தை பொறந்திருக்கும், இல்லைன்னா லாங் டிரைவ்ல 2000 ஆர்பிஎம் பக்கத்துல காருக்குள்ள ஒரு ஊம்ம்ம்னு ரீங்காரம் வந்து தலைவலி புடிச்சிருக்கும்.

ஹோஸை உருவிட்டு அடைக்காம தொங்க விட்ட வண்டியும் வருது. வேக்கம் லீக்னா ஐடிலிங் ஆடும், செக் எஞ்சின் லைட் வரும், அது பரவாயில்லை. ஆனா சில மாடல்ல பிரேக்கை லேசா மிதிக்க உதவுற பிரேக் பூஸ்டருக்கும் இதுக்கும் வேக்கம் ஒரே பம்ப்ல இருந்து வருது. நடுவுல ஒரு வழி வால்வு எல்லாம் வெச்சிருப்பான்தான், இருந்தாலும் மேட்டுப்பாளையத்துக்கு பர்லியாறு வழியா இறங்குற மலை ரோட்டில அந்த சிஸ்டத்துல ஓட்டையோட ஒரு வண்டியை நான் ஓட்ட மாட்டேன்.

கோயம்புத்தூர்லயோ பெங்களூர்லயோ இதே வண்டி போனா அது பத்தோட பதினொண்ணு. இங்க அப்படி இல்லைங்க. ராத்திரி நம்ம பள்ளத்தாக்குல குளிர்ந்த காத்து கீழ தேங்கிக்கும், மேல காத்து கொஞ்சம் சூடா இருக்கும், அப்ப மேல போற சத்தம் வளைஞ்சு திரும்ப கீழயே வரும். கேத்தி பக்கம் இருக்கிறவங்களுக்கு இது நல்லாத் தெரியும், எதிர் மலையில ரோட்டில ஒரு வண்டி ஏறுறது நம்ம வாசல்ல ஏறுற மாதிரி கேக்கும். அதுவும் இந்த வால்வு வழியா வர்றது கனமான தாழ்ந்த சத்தம், மரம் மட்டை, தேயிலை, சுவரு எதுவும் அதை சரியா தடுக்காது, ஜன்னலை சாத்துனாலும் கண்ணாடி அதிரும்.

இதுல விடிகாலை ஸ்டார்ட் வேற. பெங்களூர், மைசூர் போறவங்க முதுமலை, பந்திப்பூர் ரோடு ராத்திரி 9 மணில இருந்து காலைல 6 வரைக்கும் பூட்டியிருக்கிறதால, திறக்குற நேரத்துக்கு கர்நாடக எல்லையில இருக்கிற கக்கநல்லா செக்போஸ்ட்ல போய் நிக்கணும்னு ஊட்டியில நாலு நாலரைக்கே வண்டியை எடுப்பாங்க. பனி உறைஞ்ச எஞ்சினை ஸ்டார்ட் பண்ணா புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வர்ட்டரை சீக்கிரம் சூடாக்கணும்னு ஈசியுவே ஐடிலிங்கை ஏத்தி, ஸ்பார்க்கைத் தள்ளிப் போட்டு, சூடான புகையா வெளிய தள்ளும். சத்தம் சாதாரணமாவே ஜாஸ்தியா இருக்கிற நேரம் அது. சில வண்டியில கம்பெனியே அந்த நேரத்துக்கு வால்வைத் திறந்து விடுவான், கொஞ்ச நேரத்துல அடங்கிடும், அதுக்கு ஓட்டுறவரைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. ஆனா நிரந்தரமா திறந்த வண்டி அடங்காது. லக்கேஜ் ஏத்தி, கண்ணாடில இருக்கிற பனியைத் தொடைச்சு, குடும்பம் மொத்தமும் உக்காந்து, கேட்டைத் தாண்டி, அந்தத் தெரு முடியற வரைக்கும் அதே சத்தம்தான். லாட்ஜ் பக்கத்துல குடியிருக்கிறவன் என்ன பாவம் பண்ணான்?

இறங்கறப்போ இன்னும் மோசம். மலை இறங்குறப்போ லோ கியர்ல எஞ்சின் பிரேக் புடிச்சு இறங்கணும்னு நாமதான் எல்லாருக்கும் சொல்றோம், அது சரியும் கூட. ஆக்சிலரேட்டர்ல கால் இருக்காது ஆனா ஆர்பிஎம் மேல இருக்கும், அப்ப பல ஸ்போர்ட்ஸ் வண்டியில குழாய்க்குள்ளயே மிச்ச பெட்ரோல் எரிஞ்சு படபடன்னு வெடிக்கும். வால்வு மூடியிருந்தா அது உள்ளயே முனகிட்டுப் போயிடும், திறந்திருந்தா ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுலயும் சரவெடிதான். பலாப்பழ சீசன்ல குஞ்சப்பனை பக்கம் யானை ரோட்டோரம் வந்து நிக்கிறது, கோத்தகிரி டவுன் வரைக்கும் காட்டெருமை நடமாடுறது இதெல்லாம் புதுசா வர்றவருக்குத் தெரியாம இருக்கலாம், குட்டியோட நிக்கிற யானை பக்கத்துல இந்த வெடி வெடிச்சா என்ன ஆகும்னு யோசிக்க பெரிய அனுபவம் தேவையில்லை. மலை ரோட்டில காது பாதிக் கண்ணுங்க. எதிர்ல பஸ் ஹாரன் அடிச்சுட்டு வளைவு ஏறுறது கேட்டுத்தான் நாம ஒதுங்கி வழி விடுறோம், தன் வண்டி சத்தத்துலயே ஊறிப் போய் ஓட்டுறவருக்கு அந்த ஹாரன் கேக்காது.

இப்ப சட்டம். இது கம்பெனி போட்ட வால்வுதானே, நான் எதையும் புதுசா மாட்டலையேன்னு சொல்லி தப்பிச்சுடலாம்னு நெனைக்கிறாங்க. மத்திய மோட்டார் வாகன விதி 120ல சைலன்சர் எஞ்சின் புகையோட சத்தத்தை முடிஞ்ச வரைக்கும் குறைக்கணும்னுதான் சொல்லியிருக்கு, பேருக்கு ஒரு சைலன்சர் தொங்குனா போதும்னு சொல்லலை. மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவுல சத்தக் கட்டுப்பாட்டு தரத்தை மீறி ஓட்டுனா 2019 திருத்தத்துக்கு அப்புறம் 10,000 ரூபா வரைக்கும் அபராதம், மூணு மாசம் வரைக்கும் ஜெயில், இல்லை ரெண்டும், லைசென்ஸும் மூணு மாசம் கையில இருக்காது. 194எஃப்ல சைலன்சர் வழியா போகாம புகையை வெளிய விடுற கட்-அவுட்டுக்கு மொத தடவை 1000, அடுத்த தடவை 2000. இந்த வால்வு கட்-அவுட் கணக்குல சேருமா சேராதான்னு வக்கீலுங்க வாதாடலாம், புகை சைலன்சருக்குள்ளதானே போகுதுன்னு, ஆனா 190(2)க்கு அந்த வாதம் செல்லாது. வண்டிக்கு சர்டிஃபிகேட் வாங்கறப்போ பக்கவாட்டுல 7.5 மீட்டர் தள்ளி மைக் வெச்சு ஓட விட்டு சத்தத்தை அளந்து, வால்வு தானா மூடித் திறக்குற நிலையிலதான் பாஸ் பண்ணியிருக்காங்க. ஹோஸை உருவுன வண்டி அந்த டெஸ்ட்ல பாஸான வண்டி இல்லைங்க. அப்புறம் 2000ம் வருஷத்து ஒலி மாசு விதியில குடியிருப்புப் பகுதிக்கு பகல்ல 55 டெசிபல், ராத்திரி 10ல இருந்து காலைல 6 வரைக்கும் 45தான். ஆஸ்பத்திரி, ஸ்கூல் பக்கத்துல 100 மீட்டர் சுத்தளவுக்கு அதுவும் இன்னும் கம்மி, 50ம் 40ம்.

இதை எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு கேக்கலாம். 2024 மே மாசத்துல இருந்து நீலகிரிக்கு வர்றதுக்கு ஆன்லைன்ல எடுக்கிற அனுமதிச் சீட்டான ஈ-பாஸைப் பாக்குறதுக்கு எப்படியும் வெளியூர் வண்டியை நிறுத்துறாங்க, பிளாஸ்டிக் பாட்டில் இருக்கான்னு டிக்கியைத் திறந்து பாக்குறாங்க, அதோட சேத்து இந்த மாதிரி வண்டியை மட்டும் கொஞ்சம் பாத்தா போதும். மீட்டர் எல்லாம் அப்புறம். வண்டி அடியில பாக்குற குச்சிக் கண்ணாடியும் டார்ச்சும் இருந்தா, பின் பம்பருக்கு உள்பக்கம் சைலன்சர் மேல ஒரு சின்ன டப்பா தெரியும், தகரத்துல வட்டமா இருந்தா வேக்கம், பிளாஸ்டிக்ல சதுரமா இருந்தா மோட்டர். அதுல ஹோஸோ ஒயரோ மாட்டியிருக்கா, இல்லை வாயில ஸ்க்ரூ சொருகி ஓரமா டேக் போட்டுக் கட்டியிருக்கான்னு பாத்தாலே ஜாதகம் தெரிஞ்சிடும். எஞ்சினை நிறுத்திட்டு குழாய்க்குள்ள எட்டிப் பாத்து வால்வு திறந்திருக்குன்னு கேஸ் போடாதீங்க, வேக்கம் டைப்புல எஞ்சின் நின்னா ஒழுங்கான வண்டியிலயும் அது திறந்திருக்கும். எஞ்சின் சூடா ஓடிட்டு இருக்கணும், நார்மல் மோடுல இருக்கணும், அப்பவும் சில மாடல் ஓட ஆரம்பிச்ச அப்புறம்தான் மூடும். அதனால ஹோஸைப் பாக்குறதுதான் சுலபம். ரிமோட் கிட் போட்டவன் செக்போஸ்ட்ல மூடிட்டு தாண்டுன உடனே திறப்பான், அவனுக்கு மீட்டர் வெச்சு ரோட்டில புடிக்கிறதைத் தவிர வழியில்லை.

2025 சீசன்ல நீலகிரிக்கு ஒரு நாளைக்கு சாதாரண நாள்ல 6000, சனி ஞாயிறு 8000 வண்டின்னு கோர்ட்டே கணக்கு வெச்சு உள்ள விடச் சொல்லுச்சு. எத்தனை வண்டி வரலாம்கிறதுக்கு இவ்வளவு யோசிக்கிறோம், வந்த வண்டி எப்படி இருக்கணும்கிறதுக்கு அந்த ஈ-பாஸ் பக்கத்துலயே ரெண்டு வரி சேத்தா என்ன? எக்ஸாஸ்ட் வால்வு கம்பெனி செட்டிங்ல இருக்கணும், மலையில ஸ்போர்ட் மோட் போடாதீங்கன்னு. அபராதம் போடுறதுக்கு முன்னாடி அங்கயே ஓரங்கட்டி ஹோஸை மாட்டிட்டுப் போகச் சொல்லலாம், டேக்கை வெட்டி மாட்டுறது டீ ஆறுறதுக்குள்ள முடியற வேலை. முடியாதுன்னு சண்டைக்கு வர்றவருக்கு 190(2) இருக்கவே இருக்கு.

வெளியூர்க்காரங்களை மட்டும் சொல்றேன்னு நெனைக்காதீங்க, டிஎன் 43 நம்பர் போட்ட நம்மூர் பசங்க புல்லட் பைக்ல சைலன்சருக்குள்ள இருக்கிறதை உருவிட்டு அப்பர் குன்னூர்ல ரேஸ் பண்றதும் இதே கணக்குதான், அதுக்குத் தனியா ஒரு லெட்டரே எழுதணும்.

கடைசியா செகண்ட்ஸ்ல இந்த மாதிரி கார் வாங்குனவங்களுக்கு ஒரு வார்த்தை. பழைய ஓனர் உருவி விட்டுட்டு அப்படியே வித்திருப்பார், உங்களுக்கே தெரியாது, இந்த வண்டி சத்தமே இப்படித்தான் போலன்னு ஓட்டிட்டு இருப்பீங்க. ஸ்போர்ட் பட்டனைத் தட்டுனாலும் எடுத்தாலும் சத்தத்துல வித்தியாசமே தெரியலைன்னா சந்தேகப்படுங்க, பக்கத்துல எந்த மெக்கானிக் கிட்டயாவது லிஃப்ட்ல தூக்கி அந்த டப்பாவைப் பாக்கச் சொல்லுங்க. ஹோஸ் காணாம போயிருந்தா சாதாரண வேக்கம் ஹோஸே ஒரு முழம் வாங்கி மாட்டிக்கலாம். கம்பி இறுகியிருந்தா ரஸ்ட் ஆயில் அடிச்சு ஒரு ராத்திரி ஊற விட்டு கையால மெதுவா அசைச்சுப் பாருங்க, சுத்தியல் வேண்டாம், தட்டு வளைஞ்சா அப்புறம் சைலன்சரையே மாத்த வேண்டி வரும்.

இப்படிக்கு,
ஒரு கார் மெக்கானிக்,
குன்னூர்.